ஆற்று மக்களின் எடை

அரிசோனா பாலைவனத்துப் பீமா பழங்குடியினரிடம் எழுத்து இருக்கவில்லை, ஆனால் வரலாற்றுக் குறிப்பு இருந்தது. அது ஒரு குச்சி. ஆண்டுக்கு ஒரு வெட்டு. அந்த ஆண்டில் நடந்ததை நினைவூட்ட, வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கீறலோ சிறு குழியோ இருக்கும். அதன் பொருள் குச்சியைக் காத்துவருபவருக்குத்தான் தெரியும். 1901-02இல் அவர்களிடையே தங்கி ஆய்வு செய்த ஃபிராங்க் ரஸ்ஸல், குச்சிக்காரர்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டு இந்தக் கணக்குகளை எழுதி வைத்தார். 1833 நவம்பர் 13ஆம் தேதி இரவு, வானமே உதிர்ந்ததுபோல் எரிகற்கள் பொழிந்தன. கணக்கு அந்த இரவிலிருந்து தொடங்குகிறது.

அதே மக்களைப் பற்றி இன்னொரு கணக்கும் உண்டு. 1965இல் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. ஐந்து வயது நிரம்பியவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். எடை, உயரம், பிறகு சர்க்கரைக் கரைசலைக் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருந்து கொடுத்த ரத்தம். எல்லாம் பதிவாயின. உடல் பருமனிலும் சர்க்கரை நோயிலும் மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதைப் பற்றி உலகம் தெரிந்துகொண்டதில் ஒரு பெரும்பகுதி இந்த ரத்தத்திலிருந்து வந்தது. ஆனால் இந்தக் கணக்கைக் குச்சிக் கணக்கோடு சேர்த்துப் படித்தவர்கள் குறைவு. அதனால்தான் பீமாக்களைப் பற்றி ஒரு பாதிக் கதையே நீண்ட காலம் முழுக் கதையாக உலவியது.

பீமா என்பது வெளியார் வைத்த பெயர். அவர்கள் தங்களை ‘அகிமெல் ஓஓதாம்’ என்பார்கள். ஆற்று மக்கள் என்று பொருள். அந்த ஆறு, ஹீலா. நியூ மெக்சிகோ மலைகளில் பிறந்து, அரிசோனாவைக் குறுக்காகக் கடந்து, கொலராடோ ஆற்றில் போய்ச் சேரும். ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 200 மில்லிமீட்டர் அளவுக்கே மழை பெய்யும் நிலத்தில் அந்த ஒற்றை நீர்க்கோட்டை நம்பி ஒரு வேளாண் நாகரிகமே இருந்தது. இவர்கள் மூதாதையராகக் கொண்டாடும் ஹூஹுகாம் மக்கள், ஹீலா, சால்ட் ஆறுகளின் கரைகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டியவர்கள். இரும்பு கிடையாது, மாடு கிடையாது. மரக்குச்சியாலும் கல் மண்வெட்டியாலும் தோண்டி, கூடையில் மண் சுமந்து வெட்டிய வாய்க்கால்கள் அவை. 1860களின் இறுதியில் சால்ட் ஆற்றங்கரையில் குடியேறிய வெள்ளையர்கள் அந்தப் பழைய வாய்க்கால்களைத் தூர்வாரித்தான் முதல் வெள்ளாமை செய்தார்கள். அழிந்த நாகரிகத்தின் சாம்பலிலிருந்து எழுந்த ஊர் என்பதால் அதற்கு ஃபீனிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். இன்று அரிசோனாவின் தலைநகரம் அதுதான். பீமாக்களின் நிலம் அதன் தெற்கு எல்லையை ஒட்டிக் கிடக்கிறது.

மக்காச்சோளம், பூசணி, பருத்தி, கூடவே டெப்பரி என்ற சிறு பயறு. இது பீன்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. நல்ல வெயிலில் ஒன்றிரண்டு நனைப்பிலேயே காய்த்துவிடும். வயலுக்கு வெளியே பாலைவனமும் சோறு போட்டது. சகுவாரோ கள்ளியின் பழம், சோய்யா என்ற கள்ளியின் மொட்டு, ஆற்று மீன், முயல், மெஸ்கீட் மரத்தின் காய். இந்த மெஸ்கீட் நம் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு. இராமநாதபுரத்தில் ஆடு தின்னும் நெற்று போன்றதுதான். பீமா பெண்கள் அதை இடித்து இனிப்பு மாவாக்கினார்கள். விளைந்ததைச் சேமிக்கப் பெரிய பெரிய குதிர்களை முடைந்து வைத்திருந்தார்கள். இந்தக் குதிர்களை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னால் வரும் ஒரு அறிவியல் கதையில் அவை காணாமல் போகின்றன.

1694இல் யூசெபியோ கீனோ என்ற பாதிரியார் வந்தார். அவர் காலத்தில் வந்த கோதுமை, குளிர்காலத்தில் சும்மா கிடந்த வயல்களில் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. ஆண்டுக்கு இரண்டு போகம் ஆயிற்று. 1846இல் மெக்சிகோ போருக்காக இந்த வழியே போன அமெரிக்கப் படையில் வில்லியம் எமரி என்ற பொறியாளர் இருந்தார். வாய்க்கால்களின் ஒழுங்கையும் வயல்களின் செழிப்பையும் பார்த்து வியந்து தன் அறிக்கையில் எழுதினார். 1849இல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போன கூட்டம் ஆயிரக்கணக்கில் இந்த ஊர்களைக் கடந்தது. பாலைவனத்தின் நடுவே அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கிடைத்த இடம் பீமா ஊர்கள்தான். உள்நாட்டுப் போரின்போது அமெரிக்கப் படைகளுக்குக் கோதுமை விற்றார்கள். அந்த நாளில் அரிசோனாவின் நெற்களஞ்சியம் என்று ஒன்று இருந்திருந்தால் அது இவர்களுடைய நிலம்தான்.

பிறகு தண்ணீர் போயிற்று.

1860களின் கடைசியிலிருந்து, பீமா நிலத்துக்கு மேலே ஆற்றோரம் குடியேறிய விவசாயிகள் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பத் தொடங்கினார்கள். முதலில் ஃபிளாரன்ஸ் ஊரைச் சுற்றி, பிறகு இன்னும் மேலே சாஃபர்டு பள்ளத்தாக்கில். 1887 வாக்கில் ஃபிளாரன்ஸ் கால்வாய் திறந்தபோது, கோடையில் ஆற்றில் மிஞ்சியதும் அதற்குள் போயிற்று. தலைமடையில் மறித்தால் கடைமடையில் என்ன நடக்கும் என்று நாகப்பட்டினத்து விவசாயிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1890களில் வறட்சியும் சேர்ந்துகொண்டது. பல நூற்றாண்டுகள் ஊருக்கே சோறு போட்டவர்கள் அரசு ரேஷனுக்குக் கையேந்தினார்கள். விளைச்சல் இல்லாத ஆண்டுகளில் குடும்பங்கள் மெஸ்கீட் மரங்களை வெட்டி விறகாக விற்றுப் பிழைத்தன. எந்த மரத்தின் காயைத் தின்றார்களோ அந்த மரமே அடுப்புக்குப் போயிற்று. நிழலும் போயிற்று, மாவும் போயிற்று. ஆற்றில் நீர் இல்லாததால் மீனும் இல்லை.

ரஸ்ஸல் குச்சிக் கணக்கு கேட்டு உட்கார்ந்திருந்தது இந்தப் பஞ்சத்தின் நடுவில்தான். அவர் கண்ணில் இன்னொன்றும் பட்டது. வெள்ளையர் கற்பனையில் இருந்த மெலிந்த, நரம்போடிய செவ்விந்தியரைப் போல இவர்கள் இல்லை. முதியவர்கள் சிலர் நன்றாகவே பருத்திருந்தார்கள். அதே ஆண்டுகளில் அலெஷ் ஹெர்ட்லிச்கா என்ற மருத்துவரும் தென்மேற்குப் பழங்குடிகளை அளந்துகொண்டிருந்தார். தெளிவான உடல் பருமன், அரசு பழங்குடிகளுக்கு ஒதுக்கிய நிலங்களுக்குள் வாழ்வோரிடமே தெரிகிறது என்பது அவர் கவனித்தது. பழைய முறையில் வாழ்பவர்களிடம் அது இல்லை. சர்க்கரை நோயைப் பொறுத்தவரை பீமாக்களிடம் அவர் ஒரே ஒருவரைத்தான் குறித்தார்.

இருவருடைய நூல்களும் 1908இல் வெளிவந்தன. அதே 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வின்டர்ஸ் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. பழங்குடிகளுக்கு நிலம் ஒதுக்கினால் அந்த நிலம் வாழத் தேவையான தண்ணீரும் சேர்த்தே ஒதுக்கப்பட்டதாகப் பொருள் என்றது அது. மருத்துவரின் குறிப்பும் நீதிமன்றத்தின் தீர்ப்பும் ஒரே ஆண்டில் வந்தும், ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்தக் கட்டுரையின் வேதனை முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

தண்ணீர் திரும்பி வரும் என்று நம்பிக்கை கொடுக்கப்பட்டது. 1924இல் சட்டம் இயற்றி, ஹீலாவில் கூலிட்ஜ் அணையைக் கட்டினார்கள். 1930இல் அது திறந்துவைக்கப்பட்டது. ஆனால் ஆறு அணையை நிரப்பவில்லை. நீர்த்தேக்கம் பல முறை வறண்டது. 1935இல் வந்த நீர்ப்பங்கீட்டுத் தீர்ப்பு, பீமாக்களின் உரிமைதான் எல்லாவற்றிலும் பழையது என்று ஒப்புக்கொண்டது. ஏட்டில் இருந்த அந்த உரிமைக்கு ஏற்ற தண்ணீர் வாய்க்காலில் வரவில்லை.

உணவும் மெல்ல மாறியது. உழுதவர்கள் பருத்தித் தோட்டங்களுக்கும் நகரத்துக்கும் கூலிக்குப் போனார்கள். இரண்டாம் உலகப் போர் இளைஞர்களை வெளியே இழுத்தது. ஈவோ ஜீமா தீவில் அமெரிக்கக் கொடியை நட்டுப் புகழ்பெற்ற படத்தில் இருக்கும் ஐரா ஹேஸ் ஒரு பீமா விவசாயியின் மகன். வீட்டில் எஞ்சியவர்களுக்கு அரசு கொடுத்த உபரிப் பொருள்கள் இருந்தன. மைதா, வெள்ளைச் சர்க்கரை, பன்றிக் கொழுப்பு, டப்பா இறைச்சி, பாலாடைக்கட்டி. மைதாவைப் பிசைந்து கொழுப்பில் பொரித்தால் பூரிபோல் உப்பும் ஒரு ரொட்டி வரும். இன்று அதைப் பழங்குடிகளின் பாரம்பரிய உணவு என்று திருவிழாக்களில் விற்கிறார்கள். அது பஞ்சத்தின் உணவு. ஆனாலும் பாட்டி கையால் தின்று வளர்ந்தவர்களுக்கு அது பாட்டியின் உணவுதான். அந்தப் பாசத்தைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை.

புகழ்பெற்ற சர்க்கரை நோய் மருத்துவர் எலியட் ஜாஸ்லின் 1930களில் அரிசோனாவுக்கு வந்து தேடியபோது பீமாக்களிடம் 21 நோயாளிகளைக் கண்டார். நாட்டின் மற்ற இடங்களைப்போலத்தான் இங்கும் என்று முடிவுக்கு வந்தார். 1950களிலேயே எண்ணிக்கை பல மடங்காகியிருந்தது. 1963இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் பர்ச், பீட்டர் பென்னட் குழு இங்கே வந்தது மூட்டுவாதத்தைப் பற்றி ஆராய. மொன்டானாவின் குளிரில் வாழும் பிளாக்ஃபீட் மக்களையும் அரிசோனா வெயிலில் வாழும் பீமாக்களையும் ஒப்பிட நினைத்தார்கள். மூட்டுவாதத்தில் சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை. ரத்தச் சர்க்கரை அளவுகள்தான் அவர்களைத் திடுக்கிட வைத்தன. 35 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதுவரை உலகில் எங்கும் பதிவாகாத அளவு. 1965இல் அந்த நீண்ட ஆய்வு தொடங்கியது இப்படித்தான்.

ஏன் இவர்களுக்கு மட்டும் இப்படி? கையில் ஒரு விடை தயாராக இருந்தது. 1962இல் ஜேம்ஸ் நீல் என்ற மரபியலாளர் ஒரு கருதுகோளை வெளியிட்டிருந்தார். ஆதிமனிதர் வேட்டை கிடைத்தால் விருந்தும் கிடைக்காவிட்டால் பட்டினியுமாக வாழ்ந்தார்கள். கிடைத்தபோது உண்டதை உடனே கொழுப்பாகச் சேர்த்து வைக்கும் உடல் கொண்டவர்கள் பஞ்சத்தில் பிழைத்தார்கள். அவர்களுடைய மரபணுக்கள் பெருகின. உணவு எப்போதும் கிடைக்கும் காலம் வந்ததும் அதே சிக்கனம் நோயாகிவிட்டது. ‘சிக்கன மரபணு’ என்ற பெயர் இப்படி வந்தது. நீல் பீமாக்களை மனதில் வைத்து இதை எழுதவில்லை. ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகள் பாடநூல்களும் செய்தித்தாள்களும் இந்தக் கதைக்குப் பீமாக்களையே எடுத்துக்காட்டாக வைத்தன.

கதை எளிமையானது, அழகானதும்கூட. ஆனால் அதில் வரும் பீமாக்கள் பாலைவனத்தில் இரை தேடி அலையும் மக்கள். குதிர் நிறையக் கோதுமையும் பயறும் சேர்த்து வைத்து, அந்நியப் படைகளுக்கே உணவு கொடுத்தவர்களை அதில் காணோம். ஹீலாவில் வெள்ளமும் வறட்சியும் பண்டைக்காலத்திலும் வந்திருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் பீமா வரலாற்றில் எல்லோருக்கும் நினைவிருக்கும் பெரும்பஞ்சம் இயற்கை கொடுத்ததன்று. அதற்குத் தேதி உண்டு, கால்வாய் உண்டு, கால்வாய் வெட்டியவர்கள் உண்டு. பாடநூல் கதை அந்தப் பஞ்ச ஆண்டுகளை ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்குள் கரைத்துவிட்டது.

இதனால் மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். ஒரே வீட்டில் ஒரே சட்டிச் சோற்றைத் தின்றாலும் ஒருவர் பருப்பதும் ஒருவர் மெலிந்தே இருப்பதும் எல்லாரும் கண்டதுதான். அதை அளந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1986இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு டென்மார்க்கின் தத்துப் பதிவேடுகளிலிருந்து 540 பேரை எடுத்துக்கொண்டார். வளர்ந்தபின் அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்தது, வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. 1990இல் கனடாவில் கிளாட் பூஷார்டு 12 ஜோடி ஒத்த இரட்டையர்களைத் தங்கவைத்து, 100 நாள்களில் 84 நாள்கள் தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார். எல்லோருக்கும் அதே கூடுதல் உணவுதான். ஒருவருக்கு 4.3 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ. ஆனால் ஒரு ஜோடிக்குள் இருவரும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஏறினார்கள். கொழுப்பு சேர்ந்த இடம்கூட ஒத்திருந்தது.

பீமாக்களிடமும் இதையே கண்டார்கள். ஃபீனிக்ஸில் காற்றுப் புகாத ஒரு சிறு அறையை அமைத்து, எரிக் ராவுசன் குழுவினர் ஒவ்வொருவரையும் ஒரு முழுநாள் அதில் தங்கவைத்தனர். உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியேறும் கரியமில வாயுவையும் அளந்தால் உடல் எவ்வளவு ஆற்றலை எரிக்கிறது என்று தெரிந்துவிடும். 1988இல் வந்த முடிவுகளின்படி, உடல் அளவுக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக எரிப்பவர்கள் அடுத்த இரண்டாண்டுகளில் 7.5 கிலோவுக்கு மேல் கூடும் வாய்ப்பு நான்கு மடங்கு அதிகம். மெதுவாக எரிக்கும் இந்த இயல்பு குடும்பம் குடும்பமாக வந்தது. ஆக, பீமாக்களுக்குள் யார் அதிகம் பருப்பார், யார் குறைவாகப் பருப்பார் என்பதில் பிறப்புக்குப் பங்குண்டு.

அந்த மரபணு எது என்ற தேடல் பெரும் உற்சாகத்தோடு நடந்தது. 1995இல் கொழுப்புச் செல்லில் உள்ள பீட்டா-3 ஏற்பியின் மரபணுவில் ஒரு திரிபைக் கண்டார்கள். பீமாக்களிடம் அது அதிகமாக இருந்தது. சிக்கன மரபணு அகப்பட்டுவிட்டது என்றே பலர் எண்ணினார்கள். பிறகு மற்ற நாடுகளில் சோதித்தபோது அதன் விளைவு மிகச் சிறிதாகவோ இல்லாமலோ போயிற்று. பசியடங்கியதை மூளைக்கு உணர்த்தும் எம்.சி.4.ஆர். என்ற மரபணுவில் பழுது கொண்டவர்கள் பீமாக்களிலும் சிலர் இருந்தார்கள். குழந்தைப் பருவத்திலேயே வேகமாக எடை கூடினார்கள். ஆனால் அவர்கள் சிலர்தான். அந்தப் பழுது ஐரோப்பியரிடமும் ஆசியரிடமும் உண்டு. ஒரு சமூகமே பருத்ததை விளக்கும் ஒற்றை மரபணு ஹீலாக் கரையில் கிடைக்கவில்லை.

வேறு எங்கும்கூட அப்படி ஒன்று எளிதில் கிடைப்பதில்லை. 2007இல் ஐரோப்பிய வம்சாவளியினர் 38,759 பேரை ஆராய்ந்து எஃப்.டி.ஓ. மரபணுத் திரிபைக் கண்டார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்கள் 16 விழுக்காட்டினர். இருவரிடமிருந்தும் அதைப் பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை. பொதுமக்களிடையே பரவலாகக் காணப்படும் திரிபுகளில் இதுதான் வலுவானது. 2018இல் ஏறத்தாழ 7 லட்சம் பேரின் தரவுகளிலிருந்து உடல் எடையோடு தொடர்புள்ள 941 மரபணுக் குறிகளை எடுத்தார்கள். அத்தனையையும் கூட்டினாலும், மனிதர்களின் எடை வேறுபாட்டில் 6 விழுக்காட்டைத்தான் அவற்றால் விளக்க முடிந்தது. எடையை நிர்ணயிப்பது ஒரு மரபணுவின் ஆணை அன்று; நூற்றுக்கணக்கான சிறு சாய்வுகள். பெரும்பாலானவை மூளையில், பசியையும் நிறைவையும் சார்ந்த இடங்களில் வேலை செய்பவை.

பீமாக்களின் கதையைத் திருத்தி எழுதவைத்த சான்று ஆய்வகத்திலிருந்து வரவில்லை, ஒரு மலைக்கிராமத்திலிருந்து வந்தது.

மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், சியெர்ரா மாட்ரே மலைமேல் மைக்கோபா என்ற ஊர் இருக்கிறது. அங்கும் பீமாக்கள். மொழியாலும் மரபணுவாலும் ஹீலா பீமாக்களுக்கு நெருங்கியவர்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் பிரிந்தவர்கள். 1990களின் தொடக்கம்வரை தார்ச்சாலை எட்டாத ஊர். கையால் உழுது மக்காச்சோளம், பீன்ஸ், உருளைக்கிழங்கு விளைவித்தார்கள். மரம் அறுக்கும் வேலை இருந்தது. ராவுசன் மெக்சிகோ ஆய்வாளர்களோடு அங்கே போய் 19 பெண்களையும் 16 ஆண்களையும் எடை பார்த்தார். 1994இல் வெளியான அந்த ஆய்வின்படி மைக்கோபாக்காரர்களின் சராசரி எடை 64 கிலோ. அரிசோனாவில் அதே வயது, அதே பாலினத்தவரின் சராசரி 90 கிலோ. இருபத்தாறு கிலோ வித்தியாசம். பிறகு பெரிய அளவில் கணக்கெடுத்து 2006இல் வெளியிட்டார்கள். அரிசோனாப் பீமாக்களில் சர்க்கரை நோய் 38 விழுக்காடு. மைக்கோபாப் பீமாக்களில் 6.9. மைக்கோபாவில் ஆண்களில் 7 விழுக்காடும் பெண்களில் 20 விழுக்காடும் உடல் பருமன் கொண்டவர்கள். அரிசோனாவில் ஆண்களிலேயே 64, பெண்களில் 75.

எஃப்.டி.ஓ. என்ற வலுவான திரிபு தரும் கூடுதல் 3 கிலோ. எல்லைக் கோட்டின் இரு பக்கங்களுக்கு இடையில் 26 கிலோ. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. மூட்டுவாதக் குழு வருவதற்கு முன்பே, ஆற்றை மறித்தபோதே தொடங்கிவிட்ட கணக்கு அது. பின்னாளில் சாலையும் மின்சாரமும் மளிகைக் கடையும் மலையேறின. பதினைந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் அளந்தபோது மைக்கோபாவிலும் உடல் பருமன் கூடியிருந்தது. பீமாக்களிடம் மட்டுமல்ல, அதே ஊரில் வாழும் பீமா அல்லாத மெக்சிகர்களிடமும்.

ஹீலாவின் நீண்ட பதிவேடு இன்னொரு உண்மையையும் தந்தது. தானா டபேலியா, டேவிட் பெட்டிட் ஆகியோர் ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளைத் தேடி எடுத்தார்கள். சிலர் தாய்க்குச் சர்க்கரை நோய் வருவதற்கு முன் பிறந்தவர்கள். சிலர் வந்தபின் பிறந்தவர்கள். பெற்றோர் ஒன்று, வீடு ஒன்று. ஆனால் பின்னால் பிறந்தவர்களுக்கு எடையும் கூடுதல், சர்க்கரை நோய் வாய்ப்பும் பல மடங்கு. கருவில் இருக்கும்போதே தாயின் ரத்தச் சர்க்கரை பிள்ளையின் உடலை மாற்றிவிடுகிறது. குடும்பத்தில் வருவதெல்லாம் மரபணுவால் வருவது என்று எண்ணியது எவ்வளவு அவசரம் என்று 2000இல் வந்த இந்த ஆய்வு காட்டியது. பாட்டிக்கு வந்த பஞ்சமும் மைதாவும் பேத்தியின் உடலுக்குள் வந்து சேர இப்படி ஒரு வழி இருந்திருக்கிறது.

மரபணு அதே மரபணுவாக இருந்தாலும், எந்தக் காலத்தில் பிறந்தோம் என்பது அதன் பலத்தை மாற்றுகிறது. மாசசூசெட்ஸின் ஃபிரேமிங்ஹாம் நகரத்தில் நடந்த புகழ்பெற்ற ஆய்வின் தரவுகளை ஜேம்ஸ் ரோசன்க்விஸ்ட் இந்தக் கேள்வியோடு பார்த்தார். 1942க்குப் பின் பிறந்தவர்களிடம் எஃப்.டி.ஓ. திரிபுக்கும் எடைக்கும் தொடர்பு தெரிந்தது. அதற்கு முன் பிறந்தவர்களிடம் அது தெரியவில்லை. அந்தத் திரிபு அவர்கள் உடலிலும் இருந்தது. எடையாக மாற வேண்டிய உலகம் இன்னும் வரவில்லை. உடல் உழைப்பும் அளவான சோறும் இருந்தவரை அது ஓசையின்றிக் கிடந்தது. அமெரிக்க வெள்ளையருக்கு இது 20ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்தது. ஹீலாவின் கடைமடையில் அதற்கு இரு தலைமுறை முன்பே தொடங்கிவிட்டது.

சிக்கன மரபணுக் கதை செய்த பெரிய கெடுதல் வேறு ஒன்று. எப்படியும் வரத்தான் போகிறது என்ற எண்ணத்தை அது ஊருக்குள் விதைத்தது. தாத்தாவுக்குக் கால் எடுத்தார்கள், அம்மா டயாலிசிஸுக்குப் போகிறார், நமக்கும் அதுதான் என்று பிள்ளைகள் நினைத்து வளர்வது எவ்வளவு பெரிய கொடுமை! அந்த விதியை உடைத்ததிலும் பீமாக்களுக்குப் பங்குண்டு. 1996இல் தொடங்கிய அமெரிக்கச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில் அவர்களும் சேர்ந்தார்கள். உடல் எடையில் 7 விழுக்காடு குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்பது இலக்கு. 2002இல் வெளியான முடிவில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்திருந்தது. அமெரிக்கப் பழங்குடிகளுக்கும் பயன் கிடைத்தது. இன்று சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு மருத்துவர், சர்க்கரைக் கரைசல் குடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பின் ரத்தச் சர்க்கரை 200ஐ எட்டினால் நோய் என்று சொல்கிறார். அந்த எல்லைக்கோட்டை வகுக்க உதவிய ரத்தத்திலும் பீமாக்களின் ரத்தம் இருந்தது.

தண்ணீர் வழக்கு இதற்கிடையில் நடந்துகொண்டே இருந்தது. 2004 டிசம்பரில் அரிசோனா நீர்த் தீர்வுச் சட்டம் கையெழுத்தானது. பீமாக்கள் வாழும் ஹீலா ஆற்றுச் சமூகத்துக்கு ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி. நம் கணக்கில் ஏறத்தாழ 28 டி.எம்.சி. அமெரிக்கப் பழங்குடிகளுக்குக் கிடைத்த நீர்த் தீர்வுகளில் பெரிது இது. இதில் ஒரு பெரும்பகுதி ஹீலாவின் நீர் அன்று. கொலராடோ ஆற்றிலிருந்து நீண்ட கால்வாயில் ஏற்றிக் கொண்டுவருவது. வின்டர்ஸ் தீர்ப்புக்குப் பிறகு 96 ஆண்டுகள் ஆகியிருந்தன.

டெப்பரி பயறு ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. சாக்கட்டன் ஊரில் ஒரு குடும்பம், இறந்த தந்தையின் பழைய மண்வீட்டில் கண்ணாடிச் சாடிகளில் அவர் விட்டுச்சென்ற கொஞ்சம் விதையைக் கண்டெடுத்து, பெருக்கி, விற்கும் அளவுக்குக் கொண்டுவந்தது. டெப்பரியும் மெஸ்கீட் மாவும் ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாகவே ஏற்றுகின்றன என்பதை 1990இலேயே ஆய்வில் அளந்து காட்டியிருந்தார்கள். பாட்டிமார் அதை அளக்காமலே சமைத்தார்கள்.

ஹீலாவின் வறண்ட படுகையில் ஓரிடத்தில் 2015 வாக்கில் தண்ணீரை விட்டு, நிலத்தடியில் சேமிக்கத் தொடங்கினார்கள். நோக்கம் நிலத்தடி நீர்க் கணக்குதான். ஆனால் சில மாதங்களில் அங்கே சம்பங்கோரை முளைத்தது, வில்லோ துளிர்த்தது, பறவைகள் வந்தன. வயதான பெண்கள் கூடை முடைய அந்தக் கோரையை அறுக்கப் போகிறார்கள். கூடவே பேத்திகளும் போகிறார்கள். ஆற்று மக்கள் என்ற பெயரோடு பிறந்து ஆற்றில் தண்ணீரைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் அவர்கள்.